மைனஸ் 48

சென்ற வாரம் கைப்பேசி டவர்களைப் பற்றி நான் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பியுள்ள கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைச் சுற்றி வருகின்றன: மொட்டைமாடியில் வந்து இறங்கியிருக்கும் பெட்டியின்மேல் ‘-48 வோல்ட்’ என்று பொறித்திருக்கிறதே, அது அச்சுப் பிழையா, வேறு ஏதேனும் சூதா என்பதே அது. பருவமழைக்கு முன் பதில் வேண்டும் என்பது அவர்கள் கெடு. மாலைக்குள் கட்டுரை வேண்டும் என்பது ஆசிரியரின் கெடு. ஆகையால் டவர் எதற்கு, ஆன்டெனா எதற்கு என்னும் பாலபாடங்களை விட்டுவிட்டு, நேரே அந்த மைனஸ் குறிக்கே வருகிறேன்.

பிழையுமில்லை, சூதுமில்லை. தொலைபேசி செப்புக் கம்பியில் ஓடிய காலத்தில், ஈர மண்ணில் கிடக்கும் கம்பி பூமியைவிட நேர்மின் அழுத்தம் கொண்டிருந்தால், கசியும் மின்சாரத்தோடு செம்பும் கரைந்து மண்ணில் போய்விடுகிறது என்பதை அநுபவத்தில் கண்டறிந்த பொறியாளர்கள், பேட்டரியின் நேர்முனையைப் பூமியோடு பிணைத்துவிட்டு எதிர்முனையைக் கம்பிக்குக் கொடுத்தார்கள். அரிமானம் கம்பியை விட்டுவிட்டு, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளக்கூடிய எர்த் தகட்டைப் பற்றிக்கொண்டது. 2 வோல்ட் ஈயக் கலங்கள் 24ஐத் தொடுத்தால் 48 ஆயிற்று. புதைத்த செம்பு போய் ஒளியிழை வந்த பிறகும் சம்பிரதாயம் போகவில்லை. கார் பேட்டரியின் எதிர்முனையை வண்டி உடம்போடு கட்டிப் பழகிய எலக்ட்ரீஷியன் இங்கே தலைகீழாக யோசிக்க வேண்டும்: பிரேக்கர் உட்காருவது எதிர்முனைக் கம்பியில்.

என் மனத்தை உறுத்துவது இந்தக் குறியன்று, அதை அடுத்து நிற்கும் சிறிய எண். முன்பெல்லாம் ரேடியோப் பெட்டி கீழே அறையிலிருக்க, தடித்த ஃபீடர் கேபிள் அலையை மேலே தூக்கிச் சென்றது. போகிற வழியிலேயே சில சமயம் பாதிச் சக்தி வீணாயிற்று. இப்போது ரேடியோவையே ஆன்டெனாவுக்குப் பின்னால் ஏற்றிவிட்டு, செய்திக்கு ஒளியிழையும் மின்சாரத்துக்கு ஒரு கேபிளும் அனுப்புகிறார்கள். யுக்தி நல்லதுதான், ஆனால் நஷ்டம் ஒழியவில்லை, இடம் மாறிற்று. 960 வாட் கேட்கும் பெட்டி 40 மீட்டர் உயரத்தில் இருக்க, 6 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி அதற்குப் போகிறதென்று வைத்துக்கொள்வோம். மின்வாரியத்தின் தயவில் கீழே 54 வோல்ட் இருக்கும்போது மேலே 49 சேரும். மின்சாரம் நின்று பேட்டரி 43க்கு இறங்கினாலோ, பெட்டி தன் 960 வாட்டை விட்டுக்கொடுக்காது; அழுத்தம் குறையக் குறையப் பிரவாகத்தை அதிகமாக இழுக்கும்; 19 ஆம்பியர் சொச்சம் 26 ஆகும்; பிரவாகம் ஏறியதால் கம்பியின் நஷ்டமும் ஏறி, மேலே 37க்கும் குறைவாகவே போய்ச் சேரும். பல பெட்டிகள் நாற்பதுக்குச் சற்றுக் கீழே வந்ததும் கண்ணை மூடிவிடும். கீழே பேட்டரியில் மிச்சமிருக்கும்; மேலே டவர் ஊமை.

‘இத்தனை மணி நேரம் தாங்கும் பேட்டரி’ என்று அறிக்கைகளில் காணும் வாக்கியம் பேட்டரியின் ஆயுளைச் சொல்கிறதேயன்றி, கம்பியின் தடிமனைச் சொல்வதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை உலுக்கியபோது விளக்கும் கைப்பேசியும் சேர்ந்தே அவிந்த தெருக்களில் இருந்தவர்களுக்கு அந்த வாக்கியத்தின் மதிப்பு தெரியும். தடித்த கம்பி போடலாம்; செம்பு விலை யாருக்குத்தான் தெரியாது?

மற்றக் கேள்விகளுக்கு ஓரிரு வரிக்குத்தான் இடமிருக்கிறது.

இடி விழுமா? விழலாம், அதை மண்ணுக்கு அனுப்பும் எர்த் பட்டை துருவேறாமலிருக்கிறதா என்று பாருங்கள்.

கதிர்வீச்சு? 2012 செப்டம்பரில் சர்க்கார் வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அந்த வரம்புக்குள் இருக்கிறோம் என்று சான்று எழுதித் தருவது கம்பெனியேதான்.

மாடி தாங்குமா? ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கட்டட உறுதிச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் வருமா? நுழையுமிடத்துக்குச் சற்று முன் கேபிளைத் தாழ வளைத்துவிட்டிருந்தால், நீர் வளைவின் அடியிலேயே சொட்டிப் போகும்.