குலுக்கலில் வீடு யாருக்கு?

புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் சென்னைக்குப் பிழைக்கப் போன ஒருத்தராவது இருப்பார். ஓட்டல், கட்டிட வேலை, டிரைவர் வேலை. கணக்குக்காக அப்படி ஒருவரை வைத்துக்கொள்வோம். ஆலங்குடிப் பக்கம் கிராமம். 2010-ல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டத்தில், குடிசை இருந்த இடத்தில் காங்கிரீட் வீடு கட்டினார். அப்புறம் மழை இல்லை, வேலை இல்லை என்று குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டார். ஊர் வீட்டில் அம்மா மட்டும். சென்னையில் இவர் நாலு பேரோடு ஒற்றை ரூமில்.

இவர் அரசு அடுக்குமாடியில் வீடு கேட்டால் கிடைக்குமா? பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2015-ல் தொடங்கியது. குடும்பத்தில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கேயும் நிரந்தர வீடு இருக்கக்கூடாது என்பது அதன் முக்கிய விதி. 2024-ல் வந்த இரண்டாம் கட்டத்தில், கடந்த 20 வருஷத்தில் எந்த அரசு வீட்டுத் திட்டத்திலும் பயன் பெற்றிருக்கக்கூடாது என்றும் இருக்கிறது. ஆக, நம்ம ஆள் இரண்டு தடவை தோற்கிறார்.

பக்கத்து ரூம்காரரைப் பாருங்கள். அதே சம்பளம். புதுக்கோட்டை டவுனில் அப்பா பெயரில் மாடி வீடு. ஆனால் திட்டத்தின் கணக்கில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் மட்டும்தான். அப்பா வீடு கணக்கில் வராது. இவருக்குத் தகுதி உண்டு.

குலுக்கல் என்றாலே நியாயம் என்று நினைக்கிறோம். சீட்டை எடுக்கும்போது நியாயம்தான். யார் சீட்டு பானைக்குள் போகும் என்பது அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. உத்திரமேரூர்க் குடவோலையும் அப்படித்தான். முதலாம் பராந்தகன் காலத்து கி.பி. 921-ம் ஆண்டுக் கல்வெட்டுப்படி, வரி கட்டும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் இருந்தால்தான் ஓலையில் பெயர். வயது 35-லிருந்து 70-க்குள். அன்றைக்கு வீடு இருந்தால் உள்ளே, இன்றைக்கு வீடு இருந்தால் வெளியே. (அது சபைக்கு ஆள் எடுக்க, இது வீடு கொடுக்க. ஆனாலும் வேடிக்கைதான்.)

வருமான வரம்பு இன்னொரு தலைவலி. நலிந்த பிரிவுக்கு ஆண்டுக்கு 3 லட்சம், அதாவது மாசம் 25,000. புதுக்கோட்டையில் அந்தப் பணத்தில் ஓரளவு குடும்பம் நடத்தலாம், சென்னையில் வாடகை கொடுத்தால் மிச்சம் என்ன? மும்பைப் பெருநகரப் பகுதிக்கு மட்டும் 2023-ல் இதை 6 லட்சமாக உயர்த்தினார்கள். ஊருக்கு ஊர் மாற்ற முடியும் என்று இதிலேயே தெரிகிறதே. சம்பள ரசீது உள்ளவர் 500 ரூபாய் கூட வாங்கினாலும் மாட்டிக்கொள்வார், கடை வைத்திருப்பவர் சொல்வதுதான் அவர் வருமானம்.

ஊர் வீட்டைக் கண்டுக்காமல் விட்டால் வசதியானவன் வீடு வாங்கி வாடகைக்கு விட்டுவிடுவானே என்று கேட்பீர்கள். நியாயமான பயம். நம்ம ஊர்க்காரர்கள் நிறையப் பேர் போகும் சிங்கப்பூரில், வீவக புது வீட்டுக்குக் குலுக்கலில் சேர வெளிநாட்டில்கூடச் சொத்து இருக்கக்கூடாது. ஆனால் அங்கே இன்னொரு விதியும் உண்டு: குறைந்தது 5 வருஷம் நீங்களே குடியிருக்க வேண்டும், அதற்கு முன் விற்க முடியாது. எனக்கு இந்த இரண்டாவது விதிதான் முக்கியமாகப் படுகிறது. ஆலங்குடியில் பட்டா இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, கொடுத்த வீட்டில் அவர் இருக்கிறாரா என்று பார்க்கலாம். கிட்டத்தட்ட நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டிலிருந்து யாரும் தினமும் வேலைக்கு வர முடியாது. ஊரில் வீடு உள்ளவருக்குச் சொந்த வீடாகக் கொடுக்கத் தயக்கம் என்றால், அரசே குறைந்த வாடகைக்குக் கொடுக்கட்டும்.

இத்தனை வருஷமாகச் சென்னையில்தான் இருக்கிறேன் என்று எப்படி நிரூபிப்பது என்பதுதான் நடைமுறைச் சிக்கல். ரேஷன் கார்டும் ஓட்டும் பலருக்கு இன்னும் ஊரில்தான். வாடகை ஒப்பந்தம் எழுதித் தர வீட்டுக்காரர் தயங்குவார், கரண்ட் பில் அவர் பெயரில்தான் வரும். சென்னைப் பள்ளியில் பிள்ளைகள் படிக்கும் பதிவை ஆதாரமாக எடுத்துக்கொண்டால், நம்ம ஆலங்குடிக்காரருக்கு அது ஒன்றாவது கையில் இருக்கும்.