ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்வோரும் உதவி கோரலாம்

உள்நோயாளிகள் வீடு திரும்பும் நாளில், எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்பது எங்கள் வழக்கம். மரக்காணம் உப்பளப் பகுதியிலிருந்து வருவோர் சிலர் விடை கூறத் தயங்குகின்றனர். ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள், ஆளுக்கோர் அறை, பொதுக் கழிப்பறை. வாடகைக்கு இருப்பவருக்கு அரசு உதவி எதுவும் கிடையாது என்றும் அவர்கள் நம்பிவிடுகின்றனர்.

ஏழைகளின் வாடகைச் சுமையை மாதந்தோறும் ஏற்கும் திட்டம் பிரிட்டனில் உண்டு. இங்கே அத்தகைய பொதுத் திட்டம் இல்லை. ஆயினும் பிற உதவிகளுக்கு வாடகை அறை தடையன்று. ஒரே கூரையின்கீழ் வசித்தாலும், தனியே சமைத்து உண்ணும் குடும்பம் தனிக் குடும்ப அட்டை கோரலாம். ஆய்வுக்கு வரும் அலுவலர் முதலில் தேடுவது தனி அடுப்பைத்தான்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது வாடகை ஒப்பந்தத்தை முகவரிச் சான்றாக இணைக்கலாம். எழுதிக் கொடுத்தால் இடம் பறிபோகும் என்று வீட்டு உரிமையாளர் அஞ்சக்கூடும். குடும்ப அட்டை வீட்டின்மீது எவ்வுரிமையும் தராது என்பதைப் பொறுமையாக எடுத்துரையுங்கள்.

இதை நாங்கள் வற்புறுத்தக் காரணம் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்கிறது. அதற்கு அட்டையில் நோயாளியின் பெயர் இருக்க வேண்டும். பெற்றோரின் அட்டையில் பெயரை நீக்கிவிட்டுப் புதியது வாங்காமல் இருந்தவர்கள், அறுவை சிகிச்சை நாளில் திகைத்து நிற்பதைக் காண்கிறோம். நோய் வருமுன்னரே இதை முடித்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் உப்பு உற்பத்தி நின்றுபோகும்போது தொழிலாளர் குடும்பத்துக்குக் கிடைக்கும் 5,000 ரூபாய் நிவாரணத்தையும் கேட்டுப் பெறுங்கள். வாடகைப் பாக்கியைத் தீர்க்கவாவது அது உதவும்.

சொந்த வீடு வேண்டுவோருக்கு முதல் தேவை மனை. கலைஞரின் கனவு இல்லம் திட்டம், பட்டா மனையில் குடிசை கட்டி வாழ்வோருக்கு 3.50 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு தருகிறது. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கான மத்திய அரசின் அலகுத் தொகை 1.20 லட்சம் ரூபாய். கான்கிரீட் வீடு உடையவருக்கு அதில் இடமில்லை. மனையற்றவர்கள் இலவச வீட்டுமனைப் பட்டா கோரி மரக்காணம் வட்டாட்சியரிடம் மனு அளிக்கலாம். விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். மனுவின் ஒப்புகைச் சீட்டைத் தவறாமல் வாங்கி வையுங்கள்.

மனு எழுத உதவி வேண்டுவோர், ஆதார் நகலுடனும் வாடகை ஒப்பந்தத்துடனும் எங்கள் சமூகப் பணிப் பிரிவுக்கு வரலாம்.