உப்புக் காற்றும் பழைய பிக்கப் வண்டியும்

அரசலாறு கடலில் கலக்கும் முகத்தருகே உள்ள மீன்பிடித் துறைமுகத்தில், விசைப்படகுகள் கரை சேரும் நாட்களில் பிக்கப் வண்டிகள் வரிசையாக நிற்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அவை உள்நாட்டுச் சந்தைகளுக்குப் புறப்படும். இவற்றுள் பல புதிதாக வாங்கப்பட்டவை அல்ல. இரண்டு கை, மூன்று கை மாறி வந்தவை. கடன் வாங்கியோ, வீட்டு நகையை அடகு வைத்தோ ஒரு குடும்பம் வாங்கும் முதல் சொத்து பல நேரங்களில் இத்தகைய வண்டியாகவே இருக்கிறது.

வாங்க வருபவர் முதலில் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்கிறார். புகையின் நிறத்தைப் பார்க்கிறார். டயரைத் தட்டிப் பார்க்கிறார். பிறகு முன்பணம் கொடுத்துவிடுகிறார். குனிந்து வண்டியின் அடியைப் பார்ப்பவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். கோயம்புத்தூரிலோ சேலத்திலோ இந்த முறை ஓரளவு சரியாக இருக்கலாம். காரைக்காலில் இது தலைகீழான முறை. இங்கே ஒரு வண்டியின் ஆயுளை முடிவு செய்வது எஞ்சின் அன்று. அடியில் உள்ள இரும்புச் சட்டமும் தகடுமே ஆகும். ஏன் அப்படி என்பதையும், துருப்பிடித்த பழைய வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்ய இயலும் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்வளியும் வேண்டும் என்பதை நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால் துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்ச்சி என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் மனத்தில் நிற்கும். நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஓர் ஆணியைக் கடற்பாசிக் கூழில் பதித்து, அதில் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் ஃபீனால்ஃப்தலீனும் சிறிது உப்பும் சேர்த்து வைத்தால், சில மணி நேரத்தில் ஆணியின் கொண்டையும் கூர்முனையும் நீலமாகும், நடுப்பகுதி இளஞ்சிவப்பாகும். நீலம் தெரியும் இடத்தில் இரும்பு கரைகிறது. சிவப்பு தெரியும் இடத்தில் உயிர்வளி எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. ஒரே ஆணிக்குள் ஒரு சிறு மின்கலம் இயங்குகிறது. ஆணியில் எங்கே வளைத்தார்களோ, எங்கே அடித்துக் கூராக்கினார்களோ அங்கேதான் முதலில் அரிக்கிறது. வண்டியின் சட்டத்திலும் வளைத்த மூலைகளும் வெல்டிங் செய்த இணைப்புகளும் முதலில் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் உப்பின் பங்கு இரண்டு. நீரில் கரைந்து மின்னோட்டத்திற்கு எளிதாக வழிவிடுவது ஒன்று. குளோரைடு அயனிகள் இரும்பின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தைத் துளைப்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் எழுபத்தைந்து விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ, ஈரப்பதம் முப்பத்து மூன்று விழுக்காடு இருந்தாலே நீரை இழுத்துக்கொள்ளும். ஆகவே கடற்கரையில் நிற்கும் வண்டியின் அடி, சித்திரை வெயிலில்கூட முழுமையாக உலர்வதில்லை. மேலே தொட்டால் சுடும். உப்புப் படிந்த அடிமடிப்பில் ஈரம் இருந்துகொண்டே இருக்கும்.

மீன் வண்டிக்கு இதற்கு மேலும் ஒரு சோதனை உண்டு. ஐஸ் உருகிய நீர், மீனின் குருதியும் கடல்நீரும் கலந்து, பின்தளத்தின் இணைப்புகள் வழியாகச் சட்டத்தின் மேல் வழி முழுவதும் சொட்டுகிறது. கிளிஞ்சல்மேட்டில் நின்ற வண்டி கும்பகோணம் போனாலும் கடலைத் தன்னோடு கொண்டு செல்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

அரிமானத்தின் வலிமைக்கு நம் கடற்கரையிலேயே பெரிய சான்று உண்டு. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் இரயில் பாலம், இடைவிடாது பராமரித்தும், 2022 டிசம்பரில் இரயில்களைத் தாங்கும் நிலையில் இல்லை என்று மூடப்பட்டது. அதே மண்டபம் கடற்கரையில் இரும்புத் தகடுகளைக் காற்றில் வைத்து ஆராய்ந்துவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. பெயரில் நமக்குப் பாதி சொந்தம். தொலைவில்தான் கொஞ்சம் அதிகம்.

இனி, துரு எங்கே ஒளிந்திருக்கும்? கதவின் கீழ்விளிம்பில் தெரியும் துருவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது அழகைக் கெடுக்கும், ஆளைக் கெடுக்காது. அஞ்ச வேண்டியவை கண்ணுக்குத் தெரியாத இடங்கள். சேசிஸ் சட்டத்தின் மேல்முகம், அதாவது பாடி வந்து உட்காரும் இடம்; பின் ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் பிராக்கெட்டுகள் சட்டத்தோடு சேரும் இடம்; கேபின் தாங்கிகள்; டீசல் டாங்கைக் கட்டியிருக்கும் பட்டைகள்; எல்லாவற்றுக்கும் மேலாகச் சட்டத்தை ஒட்டி ஓடும் பிரேக் பைப்புகள். பெட்டி வடிவச் சட்டமாக இருந்தால் உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். வெளியே பெயின்ட் புதிதாக மின்னும். உள்ளே தகடு காகிதமாகியிருக்கும்.

கோட்டுச்சேரியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவிடம் வண்டி காட்ட வருபவர்களின் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்.

“எஞ்சின் நல்லாத்தான் இருக்கு, இல்லண்ணே?”

“எஞ்சின் கெடக்கட்டும் தம்பி, கீழ படுத்துப் பாத்தியா?”

அவருடைய கருவி ஒரு சிறு சுத்தியலும் ஒரு கூரிய ஊசிக் கம்பியும்தான். நல்ல இரும்பைத் தட்டினால் கணீர் என்று ஒலிக்கும். அரித்த இரும்பு பொத்தென்று ஊமையாகப் பேசும். ஊமையான இடத்தில் கம்பியால் குத்தினால் உள்ளே இறங்கிவிடும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பருமன் கொள்வதால், இரண்டு தகடுகள் சேரும் இடம் உப்பியிருந்தால் நடுவில் துரு வளர்கிறது என்று பொருள். ஸ்பிரிங் பட்டைகளுக்கு இடையிலும் இவ்வாறே. விற்பனைக்கு முதல் வாரம் அடி முழுவதும் தார் பூசப்பட்ட வண்டியைக் கண்டால் சுத்தியலை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும்.

பழைய வண்டிக்காரர்களின் இரண்டாவது கவலை உதிரி பாகம். “பார்ட்ஸ் கிடைக்காது” என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரு வண்டி உற்பத்தியிலிருந்து நின்றால் அதன் எல்லாப் பாகங்களும் ஒரே நாளில் மறைவதில்லை. மறைவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

டாட்டா நிறுவனத்தின் பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். டாட்டா மொபைல் 206 என்ற பெயரில் 1988-இல் வந்த அது, பின்னர் 207 ஆயிற்று. 2017-இல் அதன் இடத்தில் யோதா வந்தது. அந்த முதல் பிக்கப்பின் அடித்தளத்திலிருந்தே 1991-இல் சியராவும், 1992-இல் எஸ்டேட்டும், 1994-இல் சுமோவும் பிறந்தன. சுமோ கால் நூற்றாண்டு ஓடி 2019-இல்தான் நின்றது. ஆகவே பழைய டாட்டா பிக்கப்பின் எஞ்சின் பாகங்கள் பலவற்றைச் சுமோவின் பெயரைச் சொல்லியே கடையில் கேட்டு வாங்கலாம். பிற்காலத்து 207 டி.ஐ. வண்டிக்கு வந்த பெரிய எஞ்சினோ 407 லாரியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பிஸ்டன், பேரிங், கிளட்ச், வாட்டர் பம்ப் ஆகிய இவையெல்லாம் வண்டி மறைந்தும் உயிரோடு இருக்கும். உறவினர்கள் பலர் இருப்பதால்.

ஆனால் கேபினின் தரைத்தகடு, கேபின் தாங்கி, பின்தளத்தின் குறுக்குச் சட்டம், கதவுக் கீல், விளக்குக் கூடு ஆகியவை அந்த ஒரு வண்டிக்கே உரியவை. அவற்றுக்கு உறவினர் கிடையாது. முதலில் மறைவன இவைதாம். இங்கே காரைக்காலின் துன்பத்தைக் கவனிக்க வேண்டும். கடற்காற்று முதலில் தின்பவையும் இவையே! எது எளிதில் கிடைக்குமோ அது இங்கே கெடுவதில்லை. எது கெடுகிறதோ அது கிடைப்பதில்லை. அடியைப் பார்த்து வாங்க வேண்டும் என்று முன்னே கூறியதன் காரணம் இதுதான்.

இதற்கு இன்னும் முதிர்ந்த எடுத்துக்காட்டு மெட்டடோர். பஜாஜ் டெம்போ நிறுவனம் 1969 முதல் 2000 வரை தயாரித்த அந்த வேன்கள் ஒரு காலத்தில் ஊர்தோறும் ஓடின. எஞ்சின் கெட்டு நின்றவற்றைவிடத் தகடு போய் நின்றவையே நம் பக்கத்தில் அதிகம் என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் செய்த ஸ்டாண்டர்டு 20 வேனுக்கோ, 1980-களின் இறுதியில் அந்தத் தொழிற்சாலையே நின்றுபோனது.

கிடைக்காத தகட்டுப் பாகத்திற்கு இரண்டு வழிகள் உண்டு. சென்னைப் புதுப்பேட்டையில் உடைத்த வண்டியின் பாகத்தைத் தேடுவது ஒன்று. ஆனால் அந்தப் பாகமும் எந்தக் கரையில் ஓடிய வண்டியினுடையது என்று யாருக்குத் தெரியும்? மற்றொன்று, டிங்கர் ஒருவரிடம் புதிதாக அடித்து வாங்குவது. தட்டையான தகட்டிலும் வளைத்த சட்டத்திலும் நம் டிங்கர்கள் செய்ய முடியாதது குறைவு. பழைய பாகம் முழுவதும் உதிர்ந்துவிடும் முன் கழற்றி, அட்டையில் அச்சு வெட்டி வைத்துக்கொள்வது மட்டும் முக்கியம். உதிர்ந்த பிறகு எதைப் பார்த்து அளவு எடுப்பது?

சேசிஸில் ஒட்டுப் போடும்போது துருவின் மேல் தகட்டை வைத்துச் சுற்றிலும் வெல்டிங் செய்வதே பரவலான வழக்கம். இது புண்ணை மூடிக் கட்டுவது போன்றது. நடுவில் சிக்கிய ஈரம் இரண்டு பக்கமும் தின்னும். நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள தகட்டை வைத்து, முனைகளைச் சாய்வாக அமைத்துப் பற்றவைக்க வேண்டும். சட்டத்தின் குறுக்கே நேர்கோட்டில் வெல்டிங் ஓடினால் பாரம் ஏறியபோது அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். பாட்டரி இணைப்பைக் கழற்றாமலும் டீசல் டாங்கை அகற்றாமலும் பற்றவைப்பவரிடம் வண்டியை விடவே கூடாது. சேசிஸ் எண் பொறித்த இடத்தைத் தேய்ப்பதோ வெட்டுவதோ ஆகாது; எண் அழிந்தால் வண்டி யாருடையது என்பதே வழக்காகிவிடும்.

பிரேக் பைப்பில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வளைக்க எளிது என்று செம்புக் குழாய் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓயாத அதிர்வில் செம்பு இறுகி வெடிக்கும். பூச்சுள்ள எஃகுக் குழாயோ, கிடைத்தால் செம்பும் நிக்கலும் கலந்த குழாயோ போடலாம். பின்னது துருவே பிடிக்காது.

பூச்சு பற்றிப் பல மூடநம்பிக்கைகள் உள்ளன. ரெட் ஆக்சைடு அடித்துவிட்டால் துரு வராது என்பது அவற்றுள் ஒன்று. அது வெறும் திரை. நிறமே துருவின் நிறம்தான். துத்தநாகம் மிகுந்த பிரைமர் அப்படியன்று. கீறல் விழுந்தாலும் இரும்புக்கு முன் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொள்ளும். விசைப்படகின் அடியில் துத்தநாகக் கட்டி கட்டுவதும் இந்தத் தத்துவத்தாலேயே. அதைப் பார்த்து வண்டியின் அடியிலும் கட்டி வைத்தவர்கள் உண்டு. படகு நீரில் மிதப்பதால் மின்சுற்று முழுமையாகிறது. சாலையில் ஓடும் வண்டிக்கு அந்த நீர் எங்கே? கட்டி சுமையாகத் தொங்குவதுதான் மிச்சம்.

முழுதும் சுரண்ட முடியாத துருவின் மேல் பாஸ்பாரிக் அமிலம் கலந்த மருந்தோ, டானின் கலந்த மருந்தோ தடவலாம். டானின் துருவோடு சேர்ந்து கரிய படலமாகிறது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் எழுதும் மை செய்தது இதே வேதிவினையால்தான். இந்த மருந்து மேல்துருவுக்கு மட்டுமே. ஓட்டை விழுந்த தகட்டைத் திருப்பித் தராது. பெட்டிச் சட்டத்தின் உட்புறத்துக்கு மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சுவது நல்லது. பழைய எஞ்சின் ஆயிலை அடிப்பது எங்கும் உள்ள வழக்கம். ஒன்றும் இல்லாததற்கு அது மேல் என்றாலும், ரப்பர் புஷ்களைக் கெடுக்கும். மழையில் கழுவப்பட்டு வாய்க்காலுக்குப் போகும். தாரோ, வெடித்த பின் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டும்.

இவை எல்லாவற்றையும் விட மலிவானது, ஒவ்வொரு நடைக்குப் பின்னும் அடியை நல்ல நீரால் கழுவுவது. எது நல்ல நீர் என்பதே கேள்வி. கடற்கரைக் கிராமங்களில் போர்க்குழாய் நீர் பல இடங்களில் உவர்ப்பு. அதனால் வண்டியைக் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதாகும். நம் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனைக் குழாய் நீரில் சில துளி நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் விட்டால் போதும். லேசாகப் பால்போல் கலங்கினால் பயன்படுத்தலாம்; தயிர்போல் திரண்டால் குளத்து நீரையோ நகராட்சி நீரையோ தேட வேண்டும். வடிதுளைகளில் அடைத்த சேற்றையும் மீன் செதிலையும் குச்சியால் குத்தி எடுக்க ஐந்து நிமிடம் ஆகாது. பின்தளத்துக்கு எவர்சில்வர்த் தகடு போடுபவர்கள் அதற்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே ரப்பர் பட்டை வைக்க வேண்டும். இரண்டு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் இரும்புதான் தோற்கும்.

இன்னும் வாங்காதவர்களுக்கு உள்நாட்டு வண்டியே ஏற்றது. நாமக்கல், ஈரோடு பக்கம் பன்னிரண்டு ஆண்டு ஓடிய வண்டியின் அடி, இங்கே நான்கு ஆண்டு மீன் ஏற்றிய வண்டியின் அடியைவிடத் தெளிவாக இருக்கக்கூடும். ஆனால் 1954 நவம்பர் முதல் நாள் வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட எல்லை இன்றும் காகிதத்தில் நம்மைத் தொடர்கிறது. தமிழ்நாட்டுப் பதிவுள்ள வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்துக்கொள்ள, அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையின்மைச் சான்று பெற்று, இங்கே பி.ஒய். 02 எண்ணுக்கு மறுபதிவு செய்தாக வேண்டும். வரி, கடன் நிலுவை, தகுதிச் சான்று ஆகியவற்றைச் சரிபார்த்து, தடையின்மைச் சான்று கைக்கு வந்த பிறகே முழுத்தொகையையும் கொடுப்பது நல்லது. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். ஆகையால் சான்று முடியும் மாதத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த மாதமே முடிவதாக இருந்தால், சேசிஸ் வேலைக்கு ஆகும் செலவை விலையிலேயே கழித்துப் பேசலாம்.