இறுக்கம் வலிமையன்று

குதிரையேற்றம் பயிலத் தொடங்கிய நாள்களில், அங்கவடியிலிருந்து பாதங்களை விடுவிக்கச் சொன்னதும் அச்சத்தில் முழங்கால்களை இறுக்கினேன். உடலோ சேணத்தைவிட்டு மேலெழும்பியது. இறுக்கம் வலிமையன்று என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

வியன்னாவின் ஸ்பானிய குதிரையேற்றப் பள்ளியில் புதிய மாணவர்கள், பயிற்றுநர் நீள்கயிற்றில் சுற்றிவரச் செய்யும் குதிரையின்மீது, அங்கவடியும் கடிவாளப் பிடியுமின்றி நெடுநாள் பழகுகிறார்கள். தொடையைத் தளர்த்தித் தொங்கவிட்டால் இடுப்பு குதிரையின் நடைக்கேற்ப அசையும். வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளும் உடலை நிமிர்த்தி நிறுத்தும்.

தொடக்கத்தில் மெதுநடையில் சில நிமிடங்களே போதும். தசை சோர்ந்தால் இறுக்கம் திரும்பும். அப்போதே நிறுத்திவிட வேண்டும். தரையில் ஒற்றைக்காலில் நின்று பழகுவதும் உதவும்.

சமநிலை தவறியவர் கடிவாளத்தைப் பற்றித் தொங்கினால் வலிப்பது குதிரையின் வாய். குலுங்கி அமர்ந்தால் நோவது அதன் முதுகு. நம் அச்சத்துக்கு அது விலை கொடுக்கலாகாது.