செம்பனைக்கு முன்னே காப்பி மணந்த சிலாங்கூர்

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் பெஸ்தாரி ஜெயா பக்கம் போனால், கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு நாட்டிலேயே முதன்முதலாக வாணிப முறையில் செம்பனை நடப்பட்டது. அதற்கு முன் ரப்பர். ரப்பருக்கும் முன் சிலாங்கூரின் முக்கியத் தோட்டப் பயிர் எது தெரியுமா, மாணவர்களே? காப்பி!

இலங்கையில் 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அங்கிருந்த காப்பித் தோட்டங்களை அழித்தது. துரைமார் பலர் மலாயாவுக்கு வந்தனர். மலையில் விளையும் அராபிக்கா இந்தச் சமவெளி வெப்பத்துக்கு ஒத்துவராது என்பதால், மேற்கு ஆப்பிரிக்காவின் லைபெரிக்கா வகையை நட்டனர். களை எடுத்தும் பழம் பறித்தும் உழைத்தவர்களில் நம் முன்னோரும் இருந்தனர்.

பிறகு ஏன் காப்பி மறைந்தது? 1890களின் பிற்பகுதியில் பிரேசிலில் விளைச்சல் பெருகி, உலகச் சந்தையில் விலை சரிந்தது. பூச்சித் தொல்லையும் சேர்ந்துகொண்டது. காப்பிச் செடிகளுக்கு இடையே ரப்பர் கன்றுகள் முளைத்தன.

விலைச் சரிவு மத்திய அமெரிக்க மலைத்தோட்டங்களையும் பலமுறை தாக்கியது. அவற்றில் சில வேறு வழி கண்டன. பனாமாவின் பொக்கேத்தே மலைப்பகுதியில் ஒரு தோட்டம், ‘கெய்ஷா’ என்ற வகையை மற்றக் கொட்டைகளோடு கலக்காமல் தனியே பறித்துப் பதப்படுத்தியது. 2004 ஏலத்தில் அது பவுண்டுக்கு 21 அமெரிக்க டாலருக்கு விற்றது. அப்போது சாதாரணக் காப்பியின் சந்தை விலை ஒரு டாலரைக்கூடத் தொடவில்லை.

இதில் மந்திரம் ஏதுமில்லை. நன்கு சிவந்த பழத்தை மட்டும் கையால் பறிப்பது, அன்றே பதப்படுத்துவது, ஈரம் போகக் காயவைப்பது, பிறகு நிபுணர்கள் சுவைத்து மதிப்பெண் இடுவது. நூற்றுக்கு 80 பெற்றால்தான் அது ‘சிறப்புக் காப்பி’. காய் கலந்து பறித்தால் சுவை கெடும். ஆகவே தரம் தொடங்குவது பறிப்பவரின் கையில்தான்.

நம் நாட்டில் இன்றும் லைபெரிக்கா விளைகிறது. பலாப்பழ வாசனை கொண்டது என்பார்கள். சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கும்போது அந்த மணம் அடங்கிவிடுகிறது. இப்போது சிலர் அதைச் சேர்மானம் இன்றி வறுத்து, விளைந்த இடத்தின் பெயரோடு விற்கிறார்கள்.

வேளாண்மை, உணவு அறிவியல், வணிகம் படிக்கும் மாணவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. கூடவே ஒரு கேள்வியும் இருக்கிறது: விலை உயரும்போது, பழம் பறித்தவரின் கூலி உயர்ந்ததா? அடுத்த முறை ஒட்டுக்கடையில் ‘கோப்பி ஓ’ குடிக்கும்போது, கொட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.