வழக்குரைஞர் உரிமமும் எல்லைகளும்

மனித உடலின் இயல்பு நாட்டுக்கு நாடு மாறுவதில்லை, சட்டமோ மாறுகிறது. ஒரு நாட்டின் சட்டத்தில் துறைபோகிய ஒருவர் அண்டை நாட்டின் சட்டத்தை அறியாதவராக இருக்கக்கூடும். அறியாமையால் வழக்கு தோற்குமானால் நிலத்தையோ விடுதலையையோ இழப்பவர் வழக்குரைஞர் அல்லர். அவரை நம்பி வந்தவரே. ஆகவே, பிறருக்காக வாதிட விரும்புவோர் அவ்விடத்துச் சட்டத்தில் தமக்குள்ள புலமையை மெய்ப்பித்து உரிமம் பெறவேண்டும் என்னும் முறை தோன்றியது. நம்பி வருவோரைக் காப்பதே அதன் நோக்கமாகும்.

காவலும் தடையும்

காக்கப் பிறந்த விதி சில வேளைகளில் தடுக்கவும் பயன்பட்டது. இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்ற காந்தியடிகள், 1894இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வழக்குரைஞராகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தார். அவர் வெள்ளையர் அல்லர் என்பதால் அங்கிருந்த வழக்குரைஞர் சங்கம் எதிர்த்தது. சட்டம் நிற வேற்றுமை காண்பதில்லை எனக் கூறி நீதிமன்றம் அவரை ஏற்றுக்கொண்டது. இந்தியாவிலோ, சட்டம் பயின்ற பெண்ணின் விண்ணப்பத்தைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1916இல் மறுத்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டமே அத்தடையை நீக்கியது.

இந்திய நடைமுறை

ஆங்கிலேயர் ஆட்சியில் பாரிஸ்டர், வக்கீல், பிளீடர் எனச் சட்டத் தொழிலர் பல வகையினராக இருந்தனர். உயர் நீதிமன்றங்கள் தத்தம் பதிவேடுகளைப் பேணின. வழக்குரைஞர்கள் சட்டம், 1961 இவ்வேற்றுமைகளைக் களைய முற்பட்டது. அதன்படி ஒருவர் ஏதேனும் ஒரு மாநில பார் கவுன்சிலில் மட்டுமே பெயரைப் பதியலாம். வாதிடும் உரிமையோ நாடு முழுவதற்கும் உரியது. தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் குவாஹாட்டியிலும் வாதிடலாம். ஆயினும் அவ்வுரிமையை வழங்கும் 30ஆம் பிரிவு 2011 ஜூன் 15 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்வதற்கு மட்டும் தனித் தேர்வில் வென்று, அம்மன்றத்தில் பதிவுபெற்றிருத்தல் வேண்டும்.

அமெரிக்க நடைமுறை

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே உரிமம் வழங்குகிறது. ஒரு மாநிலத்தில் பெற்ற உரிமம் அடுத்த மாநிலத்தில் தானாகச் செல்லாது. வெர்மான்ட் மாநிலத்தில் வாழ்ந்த பெண் ஒருவர் அண்டை மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரின் தேர்வில் வென்றார். எல்லையிலிருந்து அவர் வீடு ஏறத்தாழ 400 கெஜத் தொலைவில் இருந்தது. எனினும், அம்மாநிலத்தில் குடியிருக்கவில்லை எனக் காரணம் காட்டி உரிமம் மறுக்கப்பட்டது. 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அம்மறுப்பு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. தேர்வு அவருடைய அறிவை அளந்தது; குடியிருப்பு விதியோ அவருடைய முகவரியை மட்டுமே அளந்தது.

நாடுகளுக்கு இடையே

அயல்நாட்டு வழக்குரைஞர் இந்தியாவில் தொழில் புரியலாமா என்னும் வினா சென்னை உயர் நீதிமன்றத்தில் எழுந்து உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 2018இல் வெளியான தீர்ப்பு, அவர்கள் இங்குத் தொழில் நடத்த இயலாது என்றது. எப்போதேனும் வந்து தம் நாட்டுச் சட்டம் குறித்து ஆலோசனை கூறிச் செல்வதை மட்டும் ஏற்றது. நீதிமன்றம் சாராத சில பணிகளை, பதிவு செய்துகொண்ட அயல்நாட்டவர் மேற்கொள்ள இந்திய பார் கவுன்சிலின் 2023ஆம் ஆண்டு விதிகள் வழிவகுத்தன. இந்திய நீதிமன்றங்களில் வாதிடும் உரிமை அவர்களுக்கு வழங்கப்படவில்லை.

எல்லை வகுக்கும் எந்த விதியையும் ஒரு வினாவால் ஆராயலாம்: அது எதனைச் சோதிக்கிறது? சட்ட அறிவையும் நேர்மையையும் சோதிக்குமாயின் அது மக்களுக்குக் காவல். நிறத்தையும் பாலினத்தையும் முகவரியையும் சோதிக்குமாயின் அது தகுதியுடையோர்க்கு எழுப்பிய சுவர்.