ஊர்த் தண்ணி தந்த பல்

பல்லைக் கரியாலும் செங்கல் தூளாலும் வேப்பங்குச்சியாலும் தேய்த்த காலத்தில், முன்பல்லில் குறுக்கே ஓடும் பழுப்புக் கோட்டை யாரும் பெரிதுபடுத்தியதில்லை. "எங்க ஊர்த் தண்ணி அப்படிங்க" என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். பெண் பார்க்க வந்தால் முந்தானையை வாயருகே கொண்டுபோய்ச் சிரிப்பது வழக்கம். பல் டாக்டரிடம் போனால் பிடுங்கத்தான் போவார்கள். வசதி இருந்தால் தங்கப்பல்.

தண்ணி என்று சொன்னதில் தவறில்லை. ஆனால் பலர் அந்தப் பழியைத் தோல் பதனிடும் டேனரியின் தலையில் கட்டிவிடுகிறார்கள். டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்தது மெய்தான். அதற்கு 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. ஆனால் பல் கறைக்கு மூலகாரணம் பாறை. வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களின் சில பகுதிகளில் பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடு போர் தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பைத் தாண்டுகிறது. ஈறுக்குள் பல் உருவாகும் முதல் எட்டு வயதுக்குள் குடித்தால்தான் எனாமல் கெடும். மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீர் இன்று பிறக்கும் பிள்ளையைக் காக்கும். அம்மாவின் பல்லை வெளுக்காது.

அந்த அம்மாவின் மகள்தான் இன்று கல்யாண ஆல்பத்தை நினைத்து "வெனீர் போடலாமா?" என்று கேட்கிறாள். 1930களில் ஹாலிவுட் நடிகர்களுக்குப் படப்பிடிப்பு நேரத்துக்கு மட்டும் ஒட்டிக் கழற்றிய பல்லுறை அது. 1955இல் பியூனோகோர் என்ற பல் மருத்துவர் எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டும் வழியைக் கண்டார். 1980களின் தொடக்கத்தில் பீங்கானையும் அப்படியே ஒட்ட முடிந்தது. அதன்பின் கழற்றுவது என்ற பேச்சே இல்லை.

பெரும்பாலும் எனாமலை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிவிட்டுத்தான் ஒட்டுகிறார்கள். ஆம்பூரில் தோல் பினிஷிங் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தழும்பு விழுந்த தோலைப் பஃபிங் செய்து மேலே பூச்சுக் கொடுப்பார்கள். பூச்சு எவ்வளவு பளபளத்தாலும் உரசிப்போன கிரெய்ன், அதாவது தோலின் இயற்கை மேற்பரப்பு, திரும்பி வராது.

லேசான கறைக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பது என் கட்சி. அமிலம் கலந்த பசையால் மேற்பரப்பை மெல்லத் தேய்த்தாலே பழுப்பு பெரும்பாலும் போய்விடும். வெள்ளைத் திட்டு மங்க, பிசினை ஊடுருவச் செய்யும் முறை உண்டு. அதற்கும் மசியாவிட்டால் பல் நிறப் பூச்சு. பல் குழிகுழியாகி, கறை ஆழத்தில் இறங்கியிருந்தால் பீங்கானுக்கு நியாயம் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட எனாமலில் ஒட்டுப்பிடி குறையலாம். டாக்டரிடம் அதைக் கேட்டே ஆக வேண்டும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர், ஈறில் ரத்தம் கசிபவர், புகையிலையை வாயில் அடக்குபவர் எல்லாம் முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வரட்டும்.

கணக்கும் பார்க்க வேண்டும். பீங்கான் உறை பொதுவாகப் பத்துப் பதினைந்து வருஷம் தாங்கும். இருபத்திரண்டு வயதில் போட்டால் ஆயுளில் மூன்று நான்கு முறை மாற்ற நேரும், ஒவ்வொரு முறையும் செலவு. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பத்து நாளில் முடியுமா என்று டாக்டரை நெருக்குவதுதான் இதில் மோசம். சீவுவதற்கு முன்பே பல்லின்மேல் தற்காலிகப் பூச்சு வைத்து, புதுச் சிரிப்பைக் கண்ணாடியில் காட்ட முடியும். கேட்டால் பல டாக்டர்கள் செய்து காட்டுவார்கள்.